டிரெய்லரில் ஒலிப்பது யாருடைய இசை?

ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் விளம்பரப் பிரிவினருக்கும், அவர்களுக்கு டிரெய்லர் வெட்டித் தருபவர்களுக்கும்,

வணக்கம். அண்மையில் ஒரு கல்லூரி விழாவில் மாணவர்கள் சிலர் 'லக்ஸ் ஈட்டர்னா'வை வயலினில் வாசித்தார்கள். அருமையான வாசிப்பு. ஆனால் அறிவிப்பாளர் அதை 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இசை என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

2000-இல் வந்த 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' படத்துக்காக கிளின்ட் மான்செல் அமைத்த இசை அது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாசித்தது குரோனோஸ் குவார்டெட், நான்கே பேர். தொலைக்காட்சியில் தோன்றும் ஆசையில், உடல் மெலிய மாத்திரை விழுங்கிப் புத்தி பேதலித்துப்போகும் ஒரு தாயின் வேதனை அந்தத் தந்திகளில் இருக்கிறது. 2002-இல் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வரிசையின் இரண்டாம் படமான 'டூ டவர்ஸ்' டிரெய்லருக்காக அதைப் பெரிய இசைக்குழுவும் கோரஸும் சேர்த்து மாற்றி அமைத்தார்கள். கேட்டபோது எனக்கும் சிலிர்த்தது, மறுக்கவில்லை.

ஆனால் அப்படிச் சிலிர்த்த ரசிகன் அடுத்து என்ன செய்வான்? டிரெய்லரின் கடைசி அட்டையைப் பார்ப்பான். அங்கே வழக்கமாக இருப்பது படத்தின் இசையமைப்பாளர் பெயர் மட்டும்தான். அதை நம்பி ஹோவர்ட் ஷோரின் இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்குவான். முதலிலிருந்து கடைசி வரை கேட்பான். இருக்காது. தியேட்டருக்குப் போய்க் காத்திருப்பான். படத்திலும் வராது. விளக்கம் சொல்ல ஆளில்லை. அப்புறம் அது ஷோரின் இசைதான் என்றே மனதில் பதிந்துவிடும். மான்செலுக்கும் அநியாயம், அந்தப் படத்துக்கு மாதக்கணக்கில் உழைத்து வேறொன்றை அமைத்த ஷோருக்கும் அநியாயம்.

டிரெய்லரில் ஒலிக்கும் இசையை அமைத்தவர் பெயரை டிரெய்லரிலேயே போடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

படத்தின் இசைப்பதிவு முடியும் முன்பே டிரெய்லர் வர வேண்டியிருக்கிறது, அதனால் வெளியிலிருந்து இசை எடுக்கிறீர்கள். சரி, புரிகிறது. உரிமைத் தொகையும் கொடுக்கிறீர்கள். பணம் கொடுத்துவிட்டால் பெயர் வேண்டாமா? 'டாவின்சி கோட்', 'சன்ஷைன்' என்று இதே இசை டிரெய்லர் டிரெய்லராக அலைந்தது. அதற்கு முன் 'ஏலியன்ஸ்' படத்துக்கு ஜேம்ஸ் ஹார்னர் அமைத்த இசைக்கும் இதே கதிதான். இப்போதோ எந்தப் படமானாலும் அதே கோரஸ், அதே இடிமுழக்கம். கதைக்கும் இசைக்கும் உறவே இல்லை. உங்களில் எத்தனை பேர் 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' என்ற அந்த மூலப் படத்தை முழுதாகப் பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை நிமிட டிரெய்லரின் முடிவில் ஒரே ஒரு வரி போதும்: இசையின் பெயர், அமைத்தவர், வாசித்தவர்கள். மாற்றி அமைத்தவர்கள் இருந்தால் அவர்களும். அடுத்து வெளியிடப்போகும் டிரெய்லரிலிருந்தே இதைத் தொடங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திரையிசை ரசிகன் ஒருவன்