நேற்றைய சொற்களும் மீண்டும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நாள்தோறும் வெளிவரும் பத்து ஆங்கிலச் சொற்களை, மன்னார்குடி வட்டாரக் கிராமங்களில் மாலை வகுப்பு நடத்தும் எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்பித்து வருகிறோம். சொற்களின் தேர்வில் குறை சொல்வதற்கில்லை. அவை வருகிற காலமும் வரிசையுமே மாற வேண்டும் என்பது என் கருத்து.

ஒருமுறை அச்சான சொல் அப்பக்கத்தில் மறுபடி தலைகாட்டுவதே இல்லை. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்துப் பார்த்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், ஓர் அசைத்தொடரை ஒரே மூச்சில் 68 முறை படித்துப் பெற்ற பயனை, மூன்று நாள்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே பெற முடிந்தது என்று 1885-இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகளும், நெடுங்காலம் நினைவில் நிற்க வேண்டியவற்றை இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் படிப்பதே நல்லது என்கின்றன. நம் பள்ளிகளிலோ ஒரு சொல்லை ஒரே இரவில் பத்து முறை எழுதிவரச் சொல்கிறோம். மறுநாள் தேர்வு வைத்ததும் அதை மறந்துவிடுகிறோம். தேவாரம் பயிற்றும் ஓதுவார்கள் பழைய பாடத்தைத் திரும்பச் சொல்ல வைக்காமல் புதிய பதிகத்துக்குப் போவார்களா?

வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடன் வாங்குவதைக் குறிக்கும் 'பாரோ', கடன் கொடுப்பதைக் குறிக்கும் 'லெண்ட்' ஆகிய இரண்டும் ஒரே நாளில் வந்தன; எங்கள் பிள்ளைகள் இன்றும் ஒன்றை மற்றொன்றாகச் சொல்கிறார்கள். ஓரினப் பொருள் கொண்ட புதுச்சொற்களை ஒருசேரக் கற்றால் அவை ஒன்றோடொன்று குழம்பும் என்பது 1990-களில் நடந்த சோதனைகளிலேயே தெரியவந்தது. (செய்யுள் வடிவிலான பழைய அகராதிகளாகிய நிகண்டுகள் இனம் இனமாகத்தானே தொகுக்கப்பட்டன என்று தமிழாசிரியர்கள் கேட்கலாம், ஆனால் அவற்றை ஓதிய பிள்ளைகளுக்கு மொழி முன்பே தெரியும், செய்யுளோசையும் கைகொடுத்தது.) ஒரு சொல் மனத்தில் படிந்த பிறகு, சில நாள் கழித்து அதன் இணைச் சொல்லை வெளியிட்டால் இக்குழப்பம் குறையும்.

ஆகவே, நாள்தோறும் ஆறு புதிய சொற்களும் நான்கு பழைய சொற்களுமாக, வரிசையை மாற்றி மாற்றி வெளியிட வேண்டுகிறேன். பழையவற்றுக்குப் பொருள் தராமல் விட்டு, விடைகளை வேறொரு பக்கத்தில் அச்சிட்டால், பிள்ளைகள் பார்ப்பதற்கு முன் தாமே நினைவுகூர்ந்து பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.