தராசைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

போன ஞாயிறு எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அணு ஆயுத ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தோம். லயத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு என்று சிலர் முணுமுணுத்தபோதும் மண்டபத்துச் சாவியைத் தயங்காமல் கையில் தந்த தலைவர் ஐயாவுக்கு முதல் நன்றி. கரண்ட் போனதும் கொட்டுகிற மழையில் ஜெனரேட்டரைத் தூக்கிவந்த தம்பிமாருக்கும், பிளேன்டீயும் ரொட்டியும் தந்த மேட்டு லயத்து அம்மாமாருக்கும் நன்றி.

ஹட்டனிலிருந்து வந்து பேசிய சேர், அணுகுண்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தைப் பலகையில் எழுதிக் காட்டினார். அமெரிக்காவும் ரஷ்யாவும் 2010இல் கையெழுத்திட்டது. ஆளுக்கு 1,550 குண்டுகளுக்கு மேல் ஏவுவதற்குத் தயாராக வைத்திருக்கக் கூடாது, வருடத்துக்கு 18 தடவை வரை ஒருவர் தளத்துக்கு மற்றவர் போய்ப் பார்க்கலாம். கொரோனாவோடு 2020இல் அப்படிப் போய்ப் பார்ப்பது நின்றது, 2023இல் ரஷ்யா ஒப்பந்தத்தையே இடைநிறுத்தியது, 2026 பெப்ரவரி 5ஆம் திகதி அதன் காலமும் முடிந்தது.

அப்போதுதான் பின்வரிசையில் இருந்த நீங்கள் எழும்பினீர்கள், அக்கா. "அப்ப இனி தராசை யாரு பாக்கிறது?" கொழுந்து நிறுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்காத நாளில் இரண்டு கிலோ குறைந்துவிடும் என்றும், ஒரு மாதம் முழுக்க அப்படிப் போனது என்றும் சொன்னீர்கள். சேர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். ஏவுகணைக் குழியைச் செயற்கைக்கோள் பார்த்துவிடும், ஆனால் ஏவுகணையின் தலைக்குள் எத்தனை குண்டு இருக்கிறது என்பது பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் நிச்சயமாகும், சீனா இப்படியொரு எண்ணிக்கை ஒப்பந்தத்தில் ஒருநாளும் இருந்ததில்லை என்று அவர் சொன்னதெல்லாம் உங்கள் கேள்விக்குப் பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. எனக்கும்தான்.

கண்டியில் இருந்து வந்த சிங்கள நண்பருக்கும் நன்றி. கண்டியில் படித்த இலங்கை இராஜதந்திரி ஜயந்த தனபாலதான் 1995இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், அந்த ஒப்பந்தம் காலவரையறை இல்லாமல் நீடிக்கப்பட்டது அங்கேதான் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். இது நமக்கு எட்டாத விசயம் என்று இனி யாரும் அவர்களிடம் சொல்ல முடியாது.

அக்கா, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவேண்டும் என்று நான் வந்து பேசுவதற்குள் இறங்கிப் போய்விட்டீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த கூட்டத்துக்கும் வாருங்கள், முன்வரிசையில் இடம் வைக்கிறேன்.