ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம் பொருத்தக் கொடுப்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வெள்ளைக் கவசம் அணிந்து வரும் சிப்பாயான ஸ்டார்ம்ட்ரூப்பரின் கவசக் கிட்டை வெட்டி, ஒட்டி, பொருத்தித் தரச் சொல்லி எங்களிடம் கொடுத்திருப்பவர்களுக்கும், கொடுக்க நினைப்பவர்களுக்கும் இந்த மடல். “பாகங்கள் எல்லாம் பெட்டியிலேயே இருக்கின்றனவே, ஒட்ட வேண்டியதுதானே, எதற்கு இத்தனை வாரம்?” என்று பலர் கேட்கிறீர்கள். ஒட்டுவது சின்ன வேலைதான். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் வெட்டுவது என்று முடிவு செய்வதில்தான் நாட்கள் போகின்றன. அளவு தவறினால், கிட் எவ்வளவு நல்ல அச்சிலிருந்து வந்திருந்தாலும் உடம்பில் அது பொம்மை போலத்தான் நிற்கும்.

படத்துக்கான கவசத்தை இங்கிலாந்தில் சிற்பி பிரையன் மியூர் களிமண்ணில் வடித்தார். அதிலிருந்து எடுத்த அச்சுகளின் மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை வைத்து, காற்றை உறிஞ்சிப் படிய வைத்தார்கள். கை, கால் பாகங்கள் இரண்டிரண்டு பாதிகளாக வந்தன. அவற்றை விளிம்போடு விளிம்பு முட்ட வைத்து, மூட்டின் மேல் தட்டையான பட்டை ஒட்டினார்கள். திரையில் தெரிவதும் அந்தப் பட்டைதான். அதனால்தான் ஒரு பாதியை இன்னொன்றின் மேல் ஏற்றி ஒட்டித் தரச் சொன்னால் மறுக்கிறோம். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அது படத்தில் இருந்த கவசம் ஆகாது.

பட்டையின் அகலத்துக்குக் கணக்கு உண்டு. மேற்கை, முன்கை பாகங்களின் முன்பக்கம் 15 மி.மீ., தொடை, கெண்டைக்கால் பாகங்களின் முன்பக்கம் 20 மி.மீ. பின்பக்கப் பட்டை 25 மி.மீ. வரை போகலாம். ஆகவே முன்விளிம்பில் எங்களுக்கு விருப்பம் என்று எதுவும் கிடையாது: தொடையில் ஒவ்வொரு பாதியிலும் 10 மி.மீ., கையில் 7.5 மி.மீ. சமதளம் விட்டு வெட்டுவோம். ஒல்லியானவரோ பருத்தவரோ, முன்பக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் உடம்புக்கான கூட்டல் கழித்தல் முழுவதும் பின்பக்கத்தில்தான் நடக்கும்.

உதாரணமாக, தொடையின் மேல்சுற்று 56 செ.மீ. என்றால் நடக்க இடம்விட்டு 59 ஆக வைத்துக்கொள்வோம். முன்பக்கம் ஒட்டியபின் கிட்டின் சுற்று 66 இருந்தால் 7 செ.மீ. போக வேண்டும், பின்பாதிகள் ஒவ்வொன்றிலும் 3.5. முழுவதையும் ஒரு பக்கத்திலேயே வெட்டினால் மூட்டுக்கோடு காலின் பக்கவாட்டுக்கு ஓடிவிடும். முழங்காலுக்கு மேலே இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும், ஏனென்றால் அங்கே கால் குறுகும் அளவு ஆளுக்கு ஆள் வேறு. கீழ்க்காலை மாலையில் அளந்து அனுப்புங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நீங்கள் கவசத்தோடு நிற்கப்போவதும் அந்தக் காலோடுதான். எல்லா அளவையும் உள்ளே போடும் கறுப்பு உடையோடு எடுக்க வேண்டும்.

இடுப்பு பெரிதாக இருந்தால் வயிற்றுப் பாகத்துக்கும் பின்னிடுப்புப் பாகத்துக்கும் இடையே இடைவெளி விழும். அந்தந்தக் கிட்டின் வெட்டுத்துண்டையே இடையில் வைத்து நிரப்புவோம். வேறு தகடு வைத்தால் வெள்ளை நிறம் ஒத்துப்போகாது. அதனால் பெட்டியில் வந்த எந்தத் துண்டையும் குப்பையில் போடாதீர்கள்.

பசை விஷயத்துக்கு வருவோம். நாங்கள் போடுவது ஈ-6000. இறுகியபின்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தேவைப்பட்டால் பிரித்தெடுக்கவும் முடியும். சூப்பர் குளூ நொடியில் பிடிக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். நடக்கும்போது தொடைப் பாகம் ஒவ்வொரு அடிக்கும் வளைகிறது, அந்த மூட்டு சடக்கென்று விட்டுப்போகும். அதன் ஆவி பட்டால் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பூப்பும் படியும். ஈ-6000 முழுதாக இறுக 24 முதல் 72 மணி நேரம் வரை ஆகும். ஒரு தொடைக்கு முன் உள்பட்டை, முன் வெளிப்பட்டை, பிறகு பின்பக்கத்துக்கும் அதேபோல். ஒவ்வொன்றும் காந்தத்தோடும் கிளாம்போடும் ஒரு நாளாவது அசையாமல் இருக்க வேண்டும். இப்படி நான்கு கைக்குழாய், நான்கு கால்குழாய். வாரங்கள் எங்கே போகின்றன என்று இப்போது தெரிந்திருக்கும். கிளாம்பை அதிகம் இறுக்கினாலும் கெடுதல்தான். பசை முழுவதும் வெளியே பிதுங்கி, உள்ளே பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

விரிசல் பெரும்பாலும் அக்குள் வளைவிலும் கவட்டையிலும்தான் ஆரம்பிக்கும். வெட்டும்போது கத்தி மூலையைத் தாண்டி ஒரு மயிரிழை ஓடியிருந்தாலே போதும். அதனால் உள்மூலைகளில் முதலில் ஒரு சிறிய ஓட்டை போட்டு, அதுவரைதான் கீறி உடைப்போம். வளைவுகளுக்கு வளைந்த வாயுள்ள கத்தரிக்கோல். ஏற்கெனவே விரிசல் விட்ட கவசம் என்றால், விரிசலின் நுனியில் 2 மி.மீ. ஓட்டை போட்டு, பின்னால் ஏபிஎஸ் (கவசத் தகட்டின் பிளாஸ்டிக்) துண்டு ஒட்டி, முன்னால் ஏபிஎஸ் கூழ் பூசுவோம். வெட்டுத்துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துத் தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவருவதுதான் அந்தக் கூழ். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் அசிட்டோன் அடித்தகட்டையும் இளக்கிக் குழி விழும், காயும்போது கூழும் சுருங்கும். மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின்தான் அடுத்தது. பிறகு 400, 800, 1500, 2000 என்று உப்புத்தாள், கடைசியில் பாலிஷ். கிட்டின் மேல்புறம் அக்ரிலிக் படலம் போட்ட ஏபிஎஸ் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெயிலில் மஞ்சளாகாமல் காப்பது அந்தப் படலம்தான், தேய்த்தால் அது போய்விடும்.

தலைக்கவசத்தில் மிகவும் நேரம் தின்பது காதுகள். முகப்பையும் பின்மூடியையும் டேப் போட்டு நிறுத்தி, உங்கள் தலையில் வைத்துப் பார்த்தபின்தான் ஓட்டை போடுவோம். காதுப் பாகம் அந்த மூட்டை மறைத்து உட்கார வேண்டும். அதன் கீழ்ப்பகுதியை அடிக்கடி வைத்துப் பார்த்து, அரை அரை மில்லிமீட்டராகத்தான் தேய்க்க முடியும். கண்ணுக்குப் பச்சைத் தட்டைக் கண்ணாடி. அதை ஒட்டமாட்டோம், திருகால் பிடிப்போம். கழற்றித் துடைக்கலாம், உள்ளே காற்றாடி வைக்கவும் இடம் இருக்கும். கன்னக் குழாய்களின் நீலக்கோடுகளுக்கு ஹம்ப்ரால் என்ற பெயின்ட்டில் 14ஆம் எண் நிறம், வாய்ப்பகுதிக்கு ஹம்ப்ரால் 5. வாய்ச் சாம்பல் நிறம் பல்லுக்கு வெளியே வழியக்கூடாது. கோடு தவறினால் வெள்ளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் உடனே துடைக்கலாம். வீட்டில் டச்-அப் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அது பெயின்ட்டோடு கவசத்தையும் கரைத்துவிடும்.

பாகங்களைத் தொங்கவிடப் பட்டைத்துணியும் பிரஸ் பட்டனும் பயன்படுத்துகிறோம். பின்னால் பசையோடு வரும் வெல்க்ரோவை மட்டும் நம்பினால் வியர்வையில் உரிந்துவரும். வயிற்றையும் பின்னிடுப்பையும் இடப்பக்கம் மூன்று ரிவெட்டால் பிணைப்போம், உடுத்தவும் கழற்றவும் வலப்பக்கம் திறக்கும். துப்பாக்கி உறை இடப்பக்கம், துப்பாக்கிக்காரர் மண்டியிடும் முழங்கால் தகடும் இடக்காலில். வலமா இடமா என்று தொலைபேசியில் கேட்பவர்கள் அதிகம் என்பதால் சொல்லி வைக்கிறோம்.

ஸ்டார் வார்ஸ் உடை அணியும் ரசிகர்களின் சங்கமான, 1997இல் தொடங்கிய 501ஆவது லீஜியனில் சேர விரும்புகிறீர்கள் என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள். ஒவ்வொரு உடைக்கும் அவர்கள் எழுதி வைத்திருக்கும் விதிகளில் அடிப்படை நிலை ஒன்று, அதற்கு மேல் இரண்டு நிலைகள். மேல்நிலைக்குப் போக நினைப்பவருக்கு முன்கையின் மணிக்கட்டு ஓரத்தில் உள்மடிந்த விளிம்பை எடுத்துவிட வேண்டும். அடிப்படை நிலை போதும் என்பவர்களுக்கு அதை விட்டுவைத்தால் ஓரம் உறுதியாக இருக்கும்.

கவசம் கைக்கு வந்தபின் மூடிய காரில் வெயிலில் வைக்காதீர்கள். ஏபிஎஸ் இளக 100 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது உண்மை. ஆனால் மேலே வேறு பாகத்தின் பாரம் இருந்தால் அதற்கு முன்பே மெல்ல வடிவம் மாறும், பசையும் சூட்டில் இளகும். தலைக்கவசத்தைத் தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள்.

கொடுக்க வரும்போது கிட்டோடு கறுப்பு உள்ளுடை, வெள்ளை பூட்ஸ், கையுறை மூன்றையும் எடுத்து வாருங்கள். பூட்ஸ் இல்லாமல் கெண்டைக்கால் பாகத்தின் கீழ்விளிம்பை வெட்டமாட்டோம், அதன் உயரத்தைத் தீர்மானிப்பதே பூட்ஸ்தான்.

இப்படிக்கு,
பட்டறையினர்