அப்பாவின் காது

ஈசூன்,
14.9.2025

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் அப்பா திதிக்கு நீ குடும்பக் குழுவில் போட்டாயே, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் செய்த அந்தக் கார்ட்டூன் படம் பற்றித்தான். கோபம் இல்லை. அப்பா மடியில் யாழினி. பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் பிறந்தது 2020இல், எல்லையெல்லாம் மூடிக்கிடந்த நேரம். வீடியோவில் அவள் கொட்டாவி விட்டால்கூட அப்பா சத்தம் போட்டு என்னைக் கூப்பிடுவார். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அடுத்த வருடமே போய்விட்டார். கைபேசிக்குள் மட்டும் பார்த்த பேத்தியை நீ அவர் மடியில் உட்கார வைத்துவிட்டாய். அந்த மனசுக்கு நீ நன்றாயிருக்க வேண்டும்.

ஆனால் அவளை மடியில் வைத்திருப்பது யார், தம்பி?

குழுவில் எல்லாரும் 'சூப்பர்', 'ஹீரோ மாதிரி இருக்கிறார்' என்று போட்டார்கள். உன் சின்ன அத்தை மட்டும் எனக்குத் தனியாகப் போன் போட்டு, "அண்ணி, இது யாரு, குமரனோட மாமனாரா?" என்று கேட்டாள். கூடப் பிறந்தவள், அறுபது வருடம் பார்த்த முகம். கண்ணாடி போடாமல் பார்த்திருப்பாள் என்று நினைத்து நான் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன்.

நீ எடுத்த அசல் படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2019, நீ மெல்பர்னுக்குக் கிளம்பிய நாள், சாங்கி விமான நிலையத்தில் ஜுவல் கட்டடத்துக்குள் இருக்கும் அருவிக்கு முன்னால். விறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு காது. இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் தழும்பு. அது 1991இல் கப்பல் பட்டறையில் தகடு சரிந்து விழுந்தபோது வந்தது, ஏழு தையல். நெற்றியில் விபூதி. வெயிலில் வேலை பார்த்தே இறுகிப்போன கறுப்பு. கார்ட்டூனில் காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. புருவம் வில் மாதிரி வளைகிறது. விபூதி, அடிபட்டுக் கட்டுப் போட்டதுபோல ஒரு வெள்ளைப் பட்டையாகிவிட்டது. நிறம் கோதுமை. அருவியாவது அருவியாக இருக்கிறதா என்றால், கண்ணாடிக் கூரையெல்லாம் போய், மலையில் இருந்து விழுகிறது. பக்கத்தில் பைன் மரம் வேறு.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியுமே. சமூக மன்றத்தில் எங்களைப் போன்ற கிழங்களுக்குக் கைபேசி சொல்லிக்கொடுக்கும் மின்னிலக்கத் தூதர் ஒரு சின்னப் பெண். அவளிடம் போய் உட்கார்ந்தேன். 2016இல் பிரிஸ்மா செயலி வந்தபோது நீ உன் படத்தை ஆயில் பெயிண்டிங் மாதிரி மாற்றிக் காட்டினாய் அல்லவா? அது நம் படத்துக்கு மேலேயே சாயம் பூசிய மாதிரி, மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இருக்கும். இப்போது வருவது அப்படி இல்லையாம். 'வயதானவர், வெள்ளைச் சட்டை, சிரிக்கிறார், பின்னால் அருவி' என்று படத்தைப் புரிந்துகொண்டு, ஒன்றைப் புதிதாகவே வரைகிறதாம். பிடிபடாத இடத்தை, அது பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான படங்களில் எது அதிகமோ அதை வைத்து நிரப்பிவிடும். வெட்டுப்பட்ட புருவத்தைவிட முழுப் புருவம்தானே உலகத்தில் அதிகம்? விபூதியை அது எத்தனை நெற்றியில் பார்த்திருக்கும்?

இந்த வருடம் மார்ச்சில் சாட்ஜிபிடி வழியாக ஊரே படங்களை ஜிப்லி ஸ்டுடியோ கார்ட்டூன் பாணிக்கு மாற்றும் பைத்தியம் பிடித்து அலைந்தபோது நீயும் செல்வியும் உங்கள் கல்யாணப் படத்தை மாற்றிப் போட்டீர்கள். அழகாகத்தான் இருந்தது, நானும் இதயம் போட்டேன். அந்த ஜப்பான் ஸ்டுடியோ 1985இல் தொடங்கியது, கையால் வரைவதற்கே பேர்போனது என்று அப்புறம்தான் படித்தேன். அவர்கள் நாள்கணக்கில் குனிந்து உட்கார்ந்து வரைந்த பாணி, நமக்குக் கோப்பி ஆறுவதற்குள் வந்து விழுகிறது. போட்ட இதயத்தைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை, ஆனால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

படத்தைத் திருத்துவது ஒன்றும் புதிதல்ல. 1983இல் அப்பா வீட்டுக்குப் பெண்ணின் படம் அனுப்ப என்னைச் சிராங்கூன் சாலையில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்தவர் நெகட்டிவை வெளிச்சப் பெட்டிமேல் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரதியில் வெளுத்து வரும். கன்னத்து மச்சம் மாயமாகிவிட்டது, நானும் இரண்டு படி வெள்ளையாகிவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று அப்பா என் முகத்தையே உற்றுப் பார்த்தார். மரியாதை தெரியாத மாப்பிள்ளை என்று பாட்டி முணுமுணுத்தார். கல்யாணத்துக்குப் பிறகுதான் அப்பா சொன்னார்: "படத்துல இல்லாத மச்சம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு பார்த்தேன்." அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம், வெற்றிலைக் கறையா மச்சமா என்று அந்த இடத்தைத் துடைத்துப் பார்ப்பதுதான் அவருடைய விளையாட்டு.

இன்னொன்று சொல்கிறேன். 2008இல் உன் பெரியம்மா மகன் கல்யாணத்தில் விருந்தாளிகளை ஐந்து நிமிடத்தில் கேலிச்சித்திரமாக வரைந்துகொடுக்க ஓர் ஓவியரை அமர்த்தியிருந்தார்கள். அப்பா உட்கார்ந்தார். அந்த ஆள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலில் காதைத்தான் போட்டார். இரண்டு கோடு. தலை இல்லை, முகம் இல்லை, வெறும் காது. பின்னால் நின்றவர்கள் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தாளை யானைக் காது இரண்டு அடைத்துக்கொண்டிருந்தது, ஆனால் அது யார் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தத் தாள் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது. உன் செயலி ஒழித்துவிட்டதைத்தான் அந்த மனிதர் தேடிப் பிடித்தார்.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. அந்தச் சமூக மன்றப் பெண்ணை வைத்து, அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்து, புருவத் தழும்பு, விறைத்த காது, கறுத்த தோல், விபூதி மூன்று கோடு என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யச் சொன்னேன். முதலில் நெற்றியிலிருந்து தாடை வரை வெட்டுத்தழும்போடு ஒரு கடற்கொள்ளைக்காரர் வந்தார். இரண்டாவதில் குட்டிச்சாத்தான் காது. மூன்றாவதில் கொஞ்சம் அப்பா தெரிந்தார். நீ மறுபடி செய்வதாக இருந்தால் இதையெல்லாம் சொல்லிச் செய். யாழினி வளர்ந்து அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தாத்தா என்று சொல்லப்போகிறாள். அவள் கை அந்தக் காதைப் பிடித்து இழுப்பதுபோல வரச் சொல், கண்டிப்பாக இழுத்திருப்பாள்.

அப்புறம் யாழினி படம். அதில் எனக்குச் சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. ஊருக்குத் தெரிவது கார்ட்டூன்தான், ஆனால் செயலிக்குள் போனது அசல். நீ கொடுத்தது எது என்று செல்வியிடம் கேட்டேன். அவளுடைய பாலர்பள்ளி வாசலில் எடுத்ததாம். பின்னால் பள்ளிப் பெயர்ப்பலகை, தோளில் பெயர் எழுதிய பை. கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரமும், இடத்தைப் பதியும் வசதி திறந்திருந்தால் இடமும் ஒளிந்திருக்கும் என்று அந்தப் பெண் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவுக்கு இனி என்ன ரகசியம், அவர் படத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. குழந்தை படம் வேண்டுமென்றால் முகம் மட்டும் வெட்டி எடுத்துக் கொடு. சாட்ஜிபிடியில் அமைப்புகளுக்குள் 'டேட்டா கன்ட்ரோல்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதில் நம்முடையதை வைத்து அது பயிற்சி எடுப்பதை நிறுத்தலாம். நான் நிறுத்திவிட்டேன். பெயர் தெரியாத இலவசச் செயலிகள் பக்கம் மட்டும் போகாதே.

இப்போது நான் எழுதியதற்கான காரணம். ஜுவல் படம் என்னிடம் இல்லை. பழைய கைபேசியோடு போய்விட்டது. பூசையறையில் இருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, அதில் அப்பா யாருக்கோ பதில் சொல்லக் காத்திருப்பவர் மாதிரி முறைக்கிறார். அசலை எனக்கு அனுப்பு. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், 'டாக்குமென்ட்' என்று போட்டு அனுப்பு. தேக்காவில் 8ஆர் அளவில் போட்டுச் சட்டம் மாட்ட மூன்று நாள் ஆகும் என்றார்கள். தீபாவளிக்கு முதல் நாள் படையலுக்கு அது வேண்டும். கடைக்காரர் வெளிச்சத்தைக் கூட்டட்டுமா என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா