கைவலைக்குக் கம்பு நீளமாக இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கம்பு, ரீல், நரம்பு என்கிற தூண்டில் நூல், முள் எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தார்கள். ஆனால் மீனைக் கரையேற்றும் கைவலைக்கு ஒரே ஒரு வரிதான், அதுவும் சின்னக் கைப்பிடி போதும் என்று. ஏரிக்கரையில் போதும், சரி. கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவின் கல் மேல் நின்று பிடிக்கிறவருக்கு அது போதவே போதாது, அந்த வரியை நம்பி யாராவது கீழே இறங்கிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அப்படி இறங்கியவன். தூண்டில் முள்ளில் கொடுவா மீன், எப்படியும் இரண்டரை கிலோ இருக்கும். கையில் இரண்டடிக் கைப்பிடி வலை. மேல் கல் காய்ந்து வெள்ளையாக இருந்தது, அதற்குக் கீழே இரண்டாவது கல்லில் பச்சைப் பாசி, அதில் வலது காலை வைத்ததுதான் தெரியும், முழங்கால் கல்லில் மோதி, அடுத்த அலை இடுப்புக்கு வந்துவிட்டது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மீனு போனா நாளைக்கு வரும் தம்பி, காலப் பாத்து வைய்யி" என்றார். மீனும் போனது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, நரம்பை அறுத்துவிட்டது. நரம்பைப் பிடித்தே மேலே தூக்கிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் கைவலைக்கு நானே ஒரு நீளக் கம்பு செய்தேன். முதலில் அளவு. நீங்கள் நிற்கப்போகும் காய்ந்த கல்லில் நின்று, கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தண்ணீர் வரைக்கும் விட்டுப் பாருங்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சென்னைப் பக்கத்துக் கடலில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவு வித்தியாசம் வரும். கல் சரிவாக இருப்பதால் அந்த அளவோடு இன்னும் மூன்று நாலு அடி சேர்க்க வேண்டும். எனக்கு 3 மீட்டர் வந்தது.

சவுக்குக் கம்பு எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் உள்ளே கெட்டி, கனம். பிளாஸ்டிக் குழாய் வளைந்து தொங்கும். இரும்புக் குழாயென்றால், ஓர் அங்குல விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம் உள்ளது 3 மீட்டருக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் வரும், அதே அளவு அலுமினியம் ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். நான் காய்ந்த மூங்கிலைத்தான் எடுத்தேன். அடிப்பக்கம் கைக்கு, நுனிப்பக்கம் வலைக்கு. வலை வளையத்தின் திருகாணியை லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் அதற்குப் பொருந்தும் நட்டு வாங்கி, அதை ஒரு ஜாண் மரக்கட்டையில் இறக்கி, கட்டையை மூங்கில் துளைக்குள் அரால்டைட் பசை தடவி அடித்தேன். வெளியே நைலான் நூலை நெருக்கமாக நாலு விரல் அகலத்துக்குச் சுற்றி அதன் மேலும் அரால்டைட். இந்தச் சுற்று இல்லையென்றால் மூங்கில் நீளவாக்கில் பிளந்துவிடும். கைப்பிடிக்கு பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டிச் சுற்றினேன், ஈரக்கையிலும் வழுக்கவில்லை.

அலுமினியத்தில் செய்கிறவர்கள் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இரும்பு போல்ட்டு தொடும் இடத்தில் உப்பு பட்டு வெள்ளையாகப் பொரிந்து அரித்துவிடும். மின்கம்பிக்குக் கீழே நடக்கும்போது தாழ்த்திப் பிடியுங்கள்.

கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டியது இன்னொன்று. நீளக் கம்பின் நுனியில் மீன் விழுந்ததும் அதை மண்வெட்டி மாதிரி நெம்பித் தூக்கக் கூடாது. இரண்டு கைக்கும் இடையே அரை மீட்டர், பின்கையிலிருந்து 3 மீட்டர் தள்ளி 3 கிலோ மீன் என்றால் முன்கைக்கு 18 கிலோ பாரம் வரும், கம்பின் கனம் தனி. எவ்வளவு நன்றாகச் செய்த கம்பும் அங்கேதான் முறியும். வலையை முதலிலேயே தண்ணீருக்குள் அமுக்கி வைத்துக்கொண்டு, களைத்த மீனைத் தலைப்பக்கமாக அதன் மேல் இழுத்துவர வேண்டும். வால்பக்கம் வலை பட்டால் ஒரே பாய்ச்சல்தான். மீன் உள்ளே வந்ததும், கிணற்றில் கயிறு இழுக்கிற மாதிரி, கம்பைக் கை மாற்றி மாற்றித் தன் பக்கமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

போன வாரம் அதே கல்லில் நின்று, செருப்புகூட நனையாமல் ஒரு கொடுவாவை எடுத்தேன். அடுத்த இதழில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு வாசகர்