பம்ப் நின்றால் தண்ணீர் எங்கே போகும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் கடல் மீன் வளர்ப்பது பற்றிய தங்கள் கட்டுரையில், இரண்டு மூன்று தொட்டிகளை ஒரே சம்ப்புடன் (தொட்டிகளிலிருந்து வடியும் நீரைச் சேர்த்துப் பம்ப்பால் திரும்ப மேலே அனுப்பும் கீழ்த்தொட்டி) இணைத்தால் தண்ணீரின் தரம் நிலையாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். மொத்தத் தண்ணீர் கூடக் கூட வெப்பமும் உப்பளவும் மெதுவாகத்தான் மாறும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஹீட்டரும் ஓரிடத்தில் இருந்தால் போதும். ஆனால் மின்சாரம் போய்ப் பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கண்ணாடி வாங்கும் முன்பே போட வேண்டிய கணக்கு அது.

120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலத்தில் மூன்று தொட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினாலே 6 லிட்டர் கீழே வரும். பம்ப்பிலிருந்து மேலே வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறித் தண்ணீரைத் திரும்ப இழுக்கும். தொட்டிக்கு 30 லிட்டர், மூன்றுக்கும் 90. கீழே இருக்கும் 90 × 40 × 40 செ.மீ. சம்ப்பில் மொத்தமே 144 லிட்டர்தான் பிடிக்கும். பாதி நிரப்பி ஓட்டினால் மிச்ச இடம் 72. ஆக 18 லிட்டர் தரையில். குழாய்களில் நிற்கும் தண்ணீர் இதற்கும் மேல். வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்திவிட்டால் 36 லிட்டரோடு நின்றுவிடும். குழாயில் நீர்மட்டத்தை ஒட்டிச் சிறு துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுபடும். பாசி அடைக்கும் என்பதால் அதை அடிக்கடி குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள். சுண்ணாம்பு படிந்தோ ஒரு சின்ன நத்தை மாட்டியோ பாதி திறந்தபடி நின்றுவிடும்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. ஒரு தொட்டியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால், சம்ப்பில் பம்ப் இருக்கும் தடுப்பில், அதாவது பம்ப் அறையில், இருக்கும் தண்ணீர் முழுவதும் அந்த ஒரு தொட்டிக்கே ஏறிவிடக்கூடும். விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. இடைவெளி இருந்தால் அது தாங்குவது 18 லிட்டர். பம்ப் அறையின் தண்ணீரும், ஆவியாவதை ஈடுகட்டத் தானாக நன்னீர் ஊற்றும் பாத்திரத்தின் தண்ணீரும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது.

தொட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு தலைகீழ் யூ வடிவக் குழாயால் இணைப்பது ஆபத்து. குழாயின் மேல்வளைவில் காற்றுக் குமிழி சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் ஓட்டம் அறுந்துவிடும். பம்ப் ஊற்றும் தொட்டி வழியும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வடிகுழாய் சம்ப்புக்கு இறங்க வேண்டும், அதோடு சற்று உயரத்தில் அவசரத்துக்கு இன்னொன்று. வடிகுழாய்க்குத் தொட்டியில் துளை போடுவதானால் கண்ணாடியைப் பாருங்கள்: டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியில் துளை போடவே முடியாது, நொறுங்கிவிடும். மேலேறும் ஒவ்வொரு கிளையிலும், பல சுற்றுத் திருகி ஓட்டத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும் கேட் வால்வு வையுங்கள். கால் சுற்றிலேயே திறந்து மூடும் பால் (பந்து) வால்வில் நுணுக்கமாகத் திருப்ப முடியாது. எல்லாம் பிவிசியாக இருக்கட்டும். பித்தளை, செம்பு ஒரு துண்டு இருந்தாலும் இறாலும் பவளமும் தாங்காது.

ஒட்டிய இணைப்புகள் ஒரு நாள் காய்ந்தபின் முதலில் நன்னீரில் ஓட்டிப் பாருங்கள். பம்ப்பைப் பலமுறை நிறுத்தி, சம்ப்பில் தண்ணீர் ஏறும் உச்சத்தைக் கவனித்து, விளிம்பில் கொஞ்சம் இடம் விட்டு, ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்தைக் கண்ணாடியில் கோடு போடுங்கள். அதற்குமேல் ஒருபோதும் நிரப்பக்கூடாது. பிறகுதான் உப்பு: ஆர்ஓ டிஐ நீரில் (கரைந்த உப்புகள் நீக்கிச் சுத்திகரித்த நீர்) தனிப் பாத்திரத்தில் கலக்கி, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 வரும்வரை. ஆவியாகிற அளவுக்கு நன்னீர் மட்டுமே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

இன்னொன்று, இணைப்பின் பெரிய பலவீனம். ஒரு மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் மூன்று தொட்டிக்கும் வந்தது போலத்தான். செம்பு மருந்தைப் பொதுத் தண்ணீரில் விட்டால் பவளங்கள் சாகும், அதனால் அங்கே வைத்து வைத்தியம் பார்க்கவும் வழியில்லை. எனவே புதிய மீனைச் சில வாரம் வைத்துப் பார்க்கும் தொட்டி இந்த இணைப்புக்கு முற்றிலும் வெளியே இருக்க வேண்டும். அதற்கென்று தனி வலை, தனிக் குழாய், தனி வாளி.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்