மக்கள்தொகை வரைபடத் தொகுப்புக்குக் கைகொடுத்த அனைவருக்கும்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

நம் மக்கள்தொகை வரைபடத் தொகுப்பு இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பதிவிறக்கலாம், வகுப்பில் பாடம் நடத்தலாம். கட்டணம் இல்லை, அனுமதி கேட்கவும் தேவையில்லை.

முதல் நன்றி, அட்டவணைகளைச் சரிபார்த்த ஆசிரியைக்கு. மக்கள் நெருக்கத்தைக் காட்டும் படம் முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்த இரவில், "இந்த ஐந்து மாவட்டங்களில் மனிதர்களே இல்லையா?" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார். கணக்கெடுப்பு நடக்காமல் போன இடங்கள் அவை. வெறுமையாக இருந்த கட்டங்களை மென்பொருள் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு, ஆளில்லாத நிலத்துக்கு உரிய வெளிர் நிறத்தைப் பூசியிருந்தது. அங்கே வாழ்கிறவர்களை இல்லாதவர்களாக்கி உலகத்துக்குக் காட்டியிருப்போம். அன்றிரவே அந்த இடங்களுக்குச் சாம்பல் நிறச் சாய்கோடுகள் போட்டு, 'தரவு இல்லை' என்று குறிப்பில் சேர்த்தோம். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் மூல அறிக்கையோடு வைத்துப் பார்த்தவரும் அவரே. அம்மா, உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

அடுத்து, நில அளவைப் பணியில் ஓய்வு பெற்ற பெரியவர். ஒரு மாவட்டத்தில் பத்தே ஆண்டுகளில் பாதிப் பேர் காணாமல் போயிருந்தார்கள். நாங்கள் இடப்பெயர்வு என்று விளக்கம் தேடிக்கொண்டிருந்தோம். "மக்கள் எங்கும் போகவில்லை, கோடுதான் நகர்ந்திருக்கிறது" என்றார் அவர். மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பழைய எல்லையையும் புதிய எல்லையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொருத்திக் கொடுக்க அவருக்கு ஆறு வாரங்கள் பிடித்தன.

சிவப்பும் பச்சையும் தமக்கு ஒரே மண் நிறமாகத் தெரிகின்றன என்று தயங்காமல் சொன்ன தம்பிக்கும் நன்றி. இப்போது படங்கள் எல்லாம் வெளிர் நீலத்திலிருந்து அடர் நீலத்துக்குப் போகின்றன. 1826-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் சார்ல் துப்பேன் பிரான்சின் கல்வி நிலையைக் காட்டிய படத்திலும் வெளுப்பிலிருந்து கறுப்பு வரையிலான சாயல்கள் மட்டுமே உண்டு. அந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

உருண்டை உலகைத் தட்டையாக வரையும் மெர்கேட்டர் முறை வேண்டாம் என்று வாதாடி வென்றவர்களையும் சொல்ல வேண்டும். கிரீன்லாந்தைப் போல ஏறத்தாழ 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்காவை அதற்கு இணையாகக் காட்டும் முறையில் மக்கள் நெருக்கத்தை வரைவது தவறுதான். பரப்பளவு மாறாத முறைக்கு வந்துவிட்டோம்.

2002-இல் தொடங்கிய க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை இன்றுவரை வளர்ப்பவர்களுக்கும், 2004 முதல் எல்லோரும் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாக வரைபவர்களுக்கும், அடிப்படை வரைபடங்களைப் பொதுச்சொத்தாகவே கொடுத்த நேச்சுரல் எர்த் குழுவுக்கும் எங்கள் வணக்கம். அவர்களில் யாரையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை.

பங்களித்தோர் பட்டியலில் பெயர் வேண்டாம் என்று நான்கு பேர் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் விருப்பப்படியே விட்டுவிட்டோம். இந்த மடல் அவர்களுக்கும்தான்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவின் சார்பில்